அம்மா ஏறாத பஸ்

எனக்கு எழுபத்து நாலு வயது. ஐந்து பிள்ளை பெற்று, ஐந்தையும் யார் கையையும் எதிர்பார்க்காமல் ஆளாக்கினேன். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். இருந்தாலும் இதை நானே எழுதுகிறேன்.

என் தம்பி பஸ்ஸில் பிறந்தான். கார்வேட்டிநகரத்திலிருந்து சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அம்மாவுக்கு வலி முற்றிவிட்டது. ஆம்பளைகள் இறங்கி நின்றார்கள். பொம்பளைகள் புடவையை மறைப்பாகப் பிடித்தார்கள். ரத்தம் படிக்கட்டு வரை வழிந்ததாம். இரண்டு உயிரும் பிழைத்தது பெரும்பாடு. ஊர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. தம்பிக்கு 'டிக்கெட் வாங்காதவன்' என்று பேரும் வைத்தது.

அம்மா சிரிக்கவில்லை. தெருமுனையில் பஸ் ஆரன் கேட்டால் போதும், பால் குடிக்கிற பிள்ளையைப் பாயில் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். காற்று அடித்துவிட்டது என்று வேப்பிலை அடித்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. திருப்பதியில் பிள்ளைக்கு மொட்டை போட்டால் சரியாகும் என்று அத்தை வேண்டிக்கொண்டாள்.

புத்தூர் வரைக்கும் அதே பஸ், அங்கிருந்து ரயில். பிள்ளை பிறந்து பிழைத்த வண்டி அல்லவா, ராசியானது! அத்தை அதற்கு மாலை போட்டாள், தேங்காய் உடைத்தாள், குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்துப் படிக்கட்டில் பூசினாள். நான் முதல் ஆளாக ஏறி ஜன்னல் ஓரம் பிடித்துக்கொண்டேன்.

"இன்னிக்கும் உள்ளயே பெத்துறாதம்மா!" என்றார் கண்டக்டர். எல்லாரும் சிரித்தார்கள்.

அம்மா படிக்கட்டைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ரத்தம், ரத்தம்" என்றாள். பயத்தில் மூத்திரம் போய்ப் புடவை நனைந்துவிட்டது.

"ஏறுடி! உம் புள்ளைக்கு உசுரு குடுத்த வண்டிடி இது!" அத்தை கையைப் பிடித்து இழுத்தாள்.

அப்பா, எங்களுக்கு நைனா, அந்தக் கையை விலக்கினார். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "நீங்க போங்க. நாங்க நடந்துக்கினே வர்றோம்."

என்னையும் இறக்கிவிட்டார்கள். வெயிலில் கால் கொப்பளித்தது. "அம்மாவுக்குப் பயித்தியமா நைனா?" என்று கேட்டேன்.

"பயந்துக்கினு கீறா. நீ கம்முனு வா."

அவர் அம்மாவை ஒன்றும் கேட்கவில்லை. அவள் நின்றால் நின்றார், நடந்தால் நடந்தார். பாதி வழியில் ஒரு புளிய மரத்தடியில் அம்மா தானாகக் கை நீட்டினாள். "குடு, பாலு குடிக்கட்டும்." நைனா முகத்தைத் திருப்பித் துண்டால் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று நினைத்தேன். புத்தூரில் ரயில் பிடிக்கும்வரை எனக்கு ஜன்னல் சீட்டு போன கோபம்தான்.

தம்பி ஒரு காலையில் பிறந்து முடித்துவிட்டான். அம்மாவுக்கு அந்தப் பிரசவம் முடியவே இல்லை என்பது அன்று எனக்குத் தெரியாது.

இப்போது என் பேத்தி திருப்பதிக்கு ஆம்புலன்ஸில் போய், ஆபரேஷனில் பிள்ளை பெற்று வந்திருக்கிறாள். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் பிள்ளையை விட்டுவிட்டு நடுங்குகிறாள். வேப்பிலையோடு வந்தவர்களை வாசலோடு அனுப்பிவிட்டேன். டாக்டரம்மா அதற்கு ஒரு பேர் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. வாரா வாரம் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுகிறார். நான் கூடப் போகிறேன், அவள் ஆட்டோ வேண்டாம் என்றால் நடந்தே. முட்டி வலிக்கிறது, பரவாயில்லை.

எழுதி முடித்ததைப் பேத்தியிடமே நீட்டுகிறேன்: இந்தாடி கண்ணு, எழுதினது சரியா கீதான்னு நீயே படிச்சுக் காட்டு. நடுவுல முடியலன்னா நிறுத்திக்கோ. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.