மரகதம் அம்மாளின் சூடு

1945 ஆகஸ்டு 29, புதன்கிழமை. டோக்கியோ மணிப்படி பகல் பன்னிரண்டே கால். போருக்கு முந்திய எங்கள் மணிப்படி பத்தே முக்கால்தான். மலாக்காவில், காஜா பேராங்கில் எங்கள் வரிசை வீடுகளில் அந்த நேரம் இருந்த ஆண்களின் எண்ணிக்கை: பூஜ்யம். அத்தனை பேரும் பின்பக்கத் தென்னந்தோப்பில் குந்தியிருந்தார்கள், வராத ஒரு லாரிக்குப் பயந்து. தையல்கார மரகதம் அம்மாள் தம் வீட்டில், மெஷின் மேல் தலை சாய்த்து, தனியாக இறந்துபோனார்.

எனக்குச் செய்தி கொண்டுவந்தவர் அடுத்த வீட்டுக் காமாட்சி பீபிக். பீபிக் என்றால் பெரியம்மா மாதிரி. கம்போங் செட்டிக்காரர், தலைமுறையாக மலாய்தான் வீட்டுப் பேச்சு, தமிழ் பேச வராது. ஆஸ்பத்திரி மருந்தறைச் சன்னலில் நின்றுகொண்டு, “மரகதம் தடா லாகி” என்றார். மரகதம் இனி இல்லை. நான் எப்போது, எப்படி என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன். அவர் நான் கேட்டு முடிக்கும்வரை நின்றுவிட்டு நடக்கத் தொடங்கினார். மருந்தறையைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

பதினாறாம் நாளுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மரகதம் அம்மாளைத் தெரியும். மீதிப் பேருக்கு, சூடு வந்தால் லாரி வரும் என்று சொன்ன அம்மாள் என்று கேள்விப்பட்ட அளவில்தான் தெரியும். அவர் அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் ஆஸ்பத்திரி டிஸ்பென்சர். மருந்து கலப்பவன், ஊசி போடுபவன். போருக்கு முந்திய வருடம் மரகதம் அம்மாளுக்கு நாற்பத்தேழு வயது. கணவர் தவறிவிட்டார், பிள்ளைகள் இல்லை. மாதவிலக்கு நின்றுகொண்டிருந்த காலம். காதுமடலில் தொடங்கி, கழுத்து, மார்பு என்று நெருப்பு ஏறும், பிறகு ரவிக்கை பிழிகிற அளவுக்கு வேர்வை, நெஞ்சு படபடக்கும், தூக்கம் கிடையாது. “பின்னால யாரோ குந்திக்கிட்டு அடுப்பு ஊதுற மாதிரி இருக்கு தம்பி. திரும்பிப் பாத்தா ஆளக் காணோம்” என்று முதல் நாளே சொன்னார். வெள்ளைக்கார லேடி டாக்டர் எண்ணெயில் கரைத்த ஹார்மோன் ஊசி எழுதிக் கொடுத்தார். சூடு அடங்கியது. தெருவெல்லாம் மறுபடி மெஷின் சத்தம்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். லேடி டாக்டர் சிறைமுகாமுக்குப் போனார். மிஞ்சிய ஒரே டாக்டருக்குக் காயத்தையும் மலேரியாவையும் பார்க்கவே நேரமில்லை. “அந்தம்மா கேஸை நீயே பாத்துக்க” என்றார். கையில் சில ஊசிக் குப்பிகள், போருக்குச் சற்று முன் வந்த புது மாத்திரை ஒரு புட்டி. அதுவும் ஹார்மோன்தான், ஆனால் வாயால் விழுங்குவது. ஊசியிலிருந்து மாத்திரைக்கு எப்போது மாற்றுவது?

குப்பி தீரட்டும், பார்க்கலாம் என்பது சோம்பேறி பதில். தீர்ந்த பிறகு மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் திரும்பிப் போக வழியில்லை. நாட்காட்டியையும் இதில் நம்ப முடியாது. சூடு திரும்பிவிட்டதா, தூக்கம் கெடுகிறதா, உதிரம் படுகிறதா என்று கேட்க வேண்டும். குப்பிகளை மிச்சம் பிடிக்க நான் ஊசியின் இடைவெளியை நீட்டினேன். சூடு திரும்பியது. அப்போதே மாற்றியிருப்பேன். அதற்குள் தெரு குறுக்கே வந்துவிட்டது.

சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கும் லாரிகள் வந்த காலம் அது. பண்டார் ஹிலிர் பக்கமிருந்து வரும். கண்ணில் பட்ட வாலிபர்களை அள்ளிக்கொண்டு போகும். ஒரு முற்பகலில் மரகதம் அம்மாளின் மெஷின் பாதித் தையலில் நின்றது. வேர்வை சொட்ட வாசலுக்கு வந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் லாரி வந்தது. இன்னொரு நாளும் அப்படியே. மூன்றாம் முறை மெஷின் நின்றதும் எதிர்வீட்டு ராக்கம்மா தம் இரண்டு பையன்களையும் பின்கதவு வழியே தள்ளிவிட்டார். லாரி வந்து, ஆள் கிடைக்காமல் திரும்பியது.

அதற்குப் பிறகு தெருவே அந்த மெஷினைக் கேட்டுக்கொண்டுதான் வாழ்ந்தது. எனக்குக் கையில் ஆஸ்பத்திரிப் பட்டை உண்டு, என்னைப் பிடிக்க மாட்டார்கள். எனவே நின்று பார்த்தவன் நான்தான். டக டக டக என்று ஓடிக்கொண்டே இருக்கும். நிற்கும். உடனே ஒருவர்கூடக் குரல் எழுப்பாமல் ஆண்கள் மறைவார்கள். வெட்ட வெளிச்சம். அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு கொதிக்கும், படியில் பாதி பிடித்த சுருட்டு புகையும், கிணற்றடியில் வாளி ஆடிக்கொண்டிருக்கும். ஆள் இருக்காது. நாய்கூடக் குரைக்காது. அந்த வெறுமையில் நின்று லாரிச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துப் பார்த்திருக்கிறேன். கேட்காது. பிறகு கேட்கும்.

சூடு பிறக்கிற நேரமும் லாரி புறப்படுகிற நேரமும் ஒன்றாக இருக்கலாம். பயமே சூட்டைக் கிளப்பலாம். இப்படி எனக்கு நானே நிறையச் சொல்லிக்கொண்டேன். எதுவும் பொருந்தி வரவில்லை.

மாத்திரைப் புட்டியோடு நான் போன அன்று ராக்கம்மா வழி மறித்தார்.

“தம்பி, அது எதுக்கு?”

“அக்காவுக்குச் சூடு அடங்குறதுக்கு.”

“அடங்கிட்டா எங்க புள்ளைங்கள யாரு காப்பாத்துவா? நீ வந்து மெஷின் மிதிப்பியா?”

“அவங்க தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா? நேத்து மயக்கத்துல ஊசி விரலுக்குள்ள ஏறியிருக்கு. லாரி வராத நாள்லயும் மெஷின் நின்னிருக்கு, அதெல்லாம் கணக்குல சேத்தீங்களா?”

“படிச்சவன் கணக்கு எனக்கு வேணாம்.”

பீபிக்கும் தம் வாசலில் இருந்தபடியே, “ஜாங்ஙான் காசி ஓபாட்” என்றார். மருந்து கொடுக்காதே. உள்ளேயிருந்து மரகதம் அம்மாள் குரல் வந்தது: “ஒடம்பு என்னுது. பஞ்சாயத்து மட்டும் தெருவுலயா? உள்ள வா தம்பி.”

உள்ளே போனதும் கதவைச் சாத்தினார். “குடு. நான் சாப்புடுறது வெளிய தெரியக் கூடாது” என்றார்.

இரண்டு குப்பிகளைப் பின்னுக்கு வைத்துக்கொண்டு மாத்திரையைத் தொடங்கினேன். முதல் வாரம் காலையில் குமட்டி வாந்தி எடுத்தார். “இந்த வயசுல எனக்கு மசக்கையா? தெருவுக்குத் தெரிஞ்சா உன் பேரத்தான் சொல்லும்” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மாத்திரையைப் பிளேடால் பாதியாக்கி, சாப்பாட்டுக்குப் பிறகு என்று மாற்றினேன். குமட்டல் நின்றது. சூடு நின்றது. தூங்கினார். மருந்து மாற்றும் வேலை இவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

மெஷின் மறுபடி நின்றது. ஆண்கள் மறைந்தார்கள். லாரி வந்தது. நான் ஓடிப் போய், “சூடு திரும்பிடுச்சா?” என்று கேட்டேன்.

“இல்ல. நானாத்தான் நிறுத்துனேன். ஓடிக்கிட்டே இருந்தா பசங்க அசந்துருவாங்க. ரெண்டு நாளைக்கு ஒருக்கா நிறுத்துனா ஒளிஞ்சு பழகிக்குவாங்க.”

சரியான யோசனை என்றேன். அடுத்த முறையும் அவராகவே நிறுத்தினார். அப்போதும் லாரி வந்தது. அன்று மாலை போனபோது சன்னலை அடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, சூடு வந்து நின்னப்ப வந்துச்சு, சரி. இப்ப நான் சும்மா நிறுத்துறேன். அப்பவும் வருது. அது வருதுன்னு நான் நிறுத்துறேனா? இல்ல, நான் நிறுத்துறேன்னு அது வருதா?”

“தற்செயல்” என்றேன்.

“அந்தச் சொல்ல உன் புட்டியில போட்டு வெச்சுக்க.”

அதன் பிறகு அவர் மெஷினை நிறுத்தவே இல்லை. துணி கிடைக்காத காலம். சாக்கைப் பிரித்துக் கால்சட்டை தைத்த காலம். நூலுக்கு அன்னாசி நார். அதுவும் தீர்ந்து போனது. நூலில்லாமலே மிதித்தார். போய்ப் பார்த்தேன்: ஒரே சாக்கு, அதன் மேல் ஊசி ஏறி இறங்கிய துளைகள், வரிசை வரிசையாக, ஒரு தையல்கூட இல்லை. காலை முதல் இருட்டும்வரை அந்தச் சத்தம். சாப்பிடும்போதும் ஒரு கால் மிதியில் இருக்கும். வெளியே இருந்து கேட்பவருக்கு நிம்மதியான சத்தம். எனக்கு அதைக் கேட்கப் பிடிக்கவில்லை.

அப்படி ஓடிக்கொண்டிருந்த ஒரு நாள் லாரி வந்தது. ராக்கம்மாவின் மூத்த பையன் கோவிந்தன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான். ஈர வேட்டியோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். ராக்கம்மா நடு வீதியில் நின்று மரகதம் அம்மாள் வீட்டுச் சன்னலைப் பார்த்து, கோபமே இல்லாமல், “மெஷின் ஓடிக்கிட்டேதானே இருந்துச்சு” என்றார். அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் மரகதம் அம்மாள் மாத்திரையை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

“போதும்.”

“எதுக்கு? ஒத்துக்குது, தூங்குறீங்க, உதிரம் படல. நிறுத்தக் காரணமே இல்ல.”

“சூடு வந்தா நிறுத்துறது ஒடம்பு. சூடு இல்லன்னா நிறுத்துறது நான். நிறுத்தாம விடுறதும் நான். ரெண்டுல எது பாரம்னு உன் புத்தகத்துல போட்டிருக்கா?”

“இல்ல.”

“அப்ப நான் சொல்றதக் கேளு.”

நான் வாதாடினேன். அது தப்பான முடிவு என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் மருந்தை உட்கொள்ளும் உடம்பு அவருடையது. சட்டென்று விடக் கூடாது என்று மட்டும் பிடிவாதம் பிடித்தேன். அளவைக் குறைத்து, நாள் விட்டு நாள் கொடுத்து, பிறகு நிறுத்தினோம். சூடு முன்னிலும் மூர்க்கமாகத் திரும்பியது. அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதைப் பார்த்து நான் பயந்தேன்.

லாரிகள் குறைந்தன, பிறகு வரவில்லை. மெஷின் நிற்கும்போது ஆண்கள் மட்டும் பழக்கத்தில் எழுந்து போனார்கள். நான் பலமுறை கேட்டேன்: “இப்ப ஆரம்பிக்கலாமா? மாத்திரை இன்னும் இருக்கு.”

“கோவிந்தன் வரட்டும். வந்து, ‘அத்த, உன்னால இல்ல’ன்னு அவன் சொல்லட்டும். அன்னைக்கு ராத்திரியே போட்டுக்கிறேன்.”

நெஞ்சுத் துடிப்பு தவறுவதை மணிக்கட்டில் பிடித்துப் பார்த்துச் சொன்னேன். சூட்டினால் வரும் படபடப்பு வேறு, இது வேறு என்றேன். “நாள் பூரா மிதிச்ச காலு சும்மா இருந்தா நெஞ்சு மிதிக்குது” என்றார். அவ்வளவோடு முடித்துவிட்டார்.

ஜப்பான் சரணடைந்த செய்தி வந்தும் அவர்கள் துப்பாக்கியோடுதான் ஊரில் இருந்தார்கள். அந்தப் புதன்கிழமை மெஷின் நின்றது. ஆண்கள் தோப்புக்குப் போனார்கள். பெண்கள் வாசலில் நின்று சாலையைப் பார்த்தார்கள். லாரி வரும் பக்கத்தையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நீண்ட நேரம் கழித்து பீபிக்தான் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார். நான் போனபோதும் ஆண்கள் தோப்பை விட்டு வரவில்லை. தோப்புக்கே போய்க் கூப்பிட்டபோது, “லாரி இன்னும் வரலையே” என்றார் ஒருவர்.

மாத்திரை விஷயத்தை வெளியே சொல்ல வேண்டாம் என்று மரகதம் அம்மாள் கேட்டிருந்தார்; அவர் இருந்தவரை சொல்லவில்லை. இதை எழுதும் முன் ராக்கம்மாவிடம் மட்டும் போய்ச் சொன்னேன்: இரண்டு நாள் சூடு இல்லாமல், தாமாகவே நிறுத்தினார் என்று.

“தெரியும் தம்பி. சூடு வந்தா அவளுக்கு வேர்த்துக் கொட்டும். அந்த ரெண்டு நாளும் வேர்க்கல.”

“தெரிஞ்சுமா பசங்கள அனுப்புனீங்க?”

“அவ நிறுத்துனா அனுப்பாம எப்படி?” என்றார் ராக்கம்மா. பிறகு, “இத அவகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்” என்றார்.

நான் அழுது எழுதத் தெரிந்தவன் அல்ல. இனிச் செய்யப் போவதை எழுதுகிறேன்.

1. மலாக்காத் தண்டவாளத்தைப் பிடுங்கிச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ரயில் நிற்கும் தம்பின் ஊர்வரை சைக்கிளில் போய், வடக்கேயிருந்து வரும் ஒவ்வொரு ரயிலிலும் கோவிந்தனைக் கேட்பேன். ராக்கம்மாவின் சின்னப் பையனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

2. மிச்ச மாத்திரைகள் ஆஸ்பத்திரியில் இதே சூட்டோடு வரும் பெண்களுக்கு. பாதி அளவில், சாப்பாட்டுக்குப் பிறகு. எப்போது தொடங்குவது, மாற்றுவது, விடுவது என்பதற்கு என் மூன்று கேள்விகளோடு இன்னொன்றும் சேர்த்துக் கேட்பேன்: வீட்டில் யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்?

3. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மரகதம் அம்மாளின் நாற்காலியில் உட்கார்ந்து மெஷினை மிதிப்பேன். தெரு முழுக்கக் கேட்கும்படி மிதித்துவிட்டு, நிறுத்துவேன். அப்படியே உட்கார்ந்திருப்பேன். யாரும் பின்பக்கம் போக வேண்டாம். உள்ளே வந்து என்னோடு உட்காருங்கள். எனக்கும் அப்போது காது சாலைப் பக்கம்தான் போகும். இருட்டும்வரை எழுந்திருக்க மாட்டேன். ஒன்றும் வராது, மரகதம் அக்கா. நீங்கள் போய் வாருங்கள்.