குடிக்கவில்லை… அடித்தான்

ராசிங்காபுரம் போகிற ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். பனியன், லுங்கி, செருப்பு — அவ்வளவுதான். என் சட்டை, போடியில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில், என்னோடு வேலை பார்க்கும் முருகேசன் உடம்பில் இருந்தது. என் பை, மலைமேல் ஏலத்தோட்டத்து லயத்தில் — கூலியாட்களின் வரிசை வீட்டில் — ஓர் ஆணியில் தொங்கியது. அதை எடுக்கப் போக முடியாது. "இனி மேல காலு வைக்காத" என்று மேஸ்திரி சொல்லி அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

போன வாரம் அந்த லயத்திலிருந்துதான் இந்தப் பத்தியை உங்களுக்கு எழுதினேன். மழை, அட்டைக்கடி என்று… இந்த வாரம் விலாசம் மாறிவிட்டது. எனக்கு இது புதிதா என்ன?

காரணம் ஒரு டிவி.

லயத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே டிவி. ரீசார்ஜ் தீர்ந்தால் சினிமா போய்விடும், சீரியல் போய்விடும். பள்ளிக்கூடப் பாடம் நடத்துகிற சேனல் மட்டும் போகாது. அது இலவசம். அடைமழை நாட்களில் வேறு என்ன செய்வது? எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டு ஊர் சுற்றப் போனவன் நான். நாற்பது வயதுக்கு மேல், எட்டாம் வகுப்பு அறிவியலை அந்த டிவி முன்னால் உட்கார்ந்துதான் முடித்தேன்.

"அண்ணே பரீட்சைக்குப் படிக்கிறாரு, சத்தம் போடாதீங்கப்பா" என்பான் முருகேசன். கேலி பேசிக்கொண்டே அவனும் பார்ப்பான்.

ஒரு நாள் டிவி டீச்சர் தோலைப் பற்றி நடத்தினார். தோலும் ஓர் உறுப்பாம் — இதயம், கல்லீரல் மாதிரி. நான் அதுவரை தோலை ஒரு சாக்கு என்றுதான் நினைத்திருந்தேன். உள்ளே இருப்பது கொட்டிவிடாமல் இருக்க, மேலே ஒரு சாக்கு. அப்படி இல்லையாம். சில பொருள்கள் தோல் வழியாக உள்ளே போகும், பூச்சிக்கொல்லி அதில் ஒன்று என்றார். மேலே பட்டால் துணியைக் கழற்று, சோப்புப் போட்டுக் கழுவு, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடு. ஒரு நிமிடம்தான் சொல்லியிருப்பார். அடுத்து நகம், முடி என்று போய்விட்டார்.

எங்களுக்குத் தினமும் அதோடுதான் சோலி. ஆனால் அதைப் பூச்சிக்கொல்லி என்று யார் சொல்கிறார்கள்? மருந்து! 'மருந்து அடிக்கப் போறோம்.' மருந்து என்று பேர் வைத்துவிட்டால், மேலே கொட்டினால்கூட யார் பயப்படுவார்? வாயில் துண்டைக் கட்டினால் போதும். வாய் வழியாகத்தானே எதுவும் உள்ளே போகும்…

அன்று காலை முருகேசன் முதுகில் இருந்த மருந்து டேங்க் ஒழுகியது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. அப்படியே இரண்டு மணி நேரம் அடித்தான். பிறகு உட்கார்ந்துவிட்டான். வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. வாயில் எச்சில் வழிந்தது.

"பனி புடிச்சிருச்சு" என்றார் மேஸ்திரி. மலையில் காய்ச்சலைப் பனி என்பார்கள், மலையாளத்திலிருந்து வந்த பேச்சு. காய்ச்சல்காரனுக்கு என்ன செய்வார்கள்? இரண்டு கம்பளியைக் கொண்டுவந்து, அந்த ஈரச் சட்டைக்கு மேலேயே இறுக்கிச் சுற்றினார்கள். நல்ல மனசோடுதான் சுற்றினார்கள்.

நான் கம்பளியை உருவினேன்.

"கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு? குளுர்ல செத்துருவான்டா" என்றார் மேஸ்திரி.

"சட்டையோட கெடந்தாத்தாண்ணே செத்துருவான்."

இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு அவன் சட்டையைக் கழற்றினேன். சோப்புப் போட்டுத் தலையிலிருந்து கால்வரை கழுவினேன். என் சட்டையை மாட்டிவிட்டேன். ஈரச் சட்டையையும் மருந்து பாட்டிலையும் ஒரு பையில் போட்டு முடிச்சுப் போட்டேன். ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்த அவன் மனைவி பாண்டியம்மா ஓடிவந்தாள். ஜீப்பு கிளம்பியது. மேஸ்திரி முன் சீட்டில்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்ட முதல் கேள்வி: "மருந்து குடிச்சாரா?"

நம் ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான்.

மேஸ்திரி முந்திக்கொண்டார். "ஆமா சிஸ்டர். வீட்ல சண்ட. பொண்டாட்டிக்கு வாயி கொஞ்சம் நீளம்."

அந்த நீளமான வாய் அப்போது திறக்கவே இல்லை. பாண்டியம்மா சுவரோடு சுவராக நின்றாள்.

ஒரு சொல்தான். 'குடித்தான்' என்று எழுதிவிட்டால் டேங்க் ஒழுகவே இல்லை என்று ஆகிவிடும். நாளைக்கு அது இன்னொருவன் முதுகில் ஏறும். பாண்டியம்மா? புருஷனை மருந்து குடிக்க வைத்தவள். முருகேசன் பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும், ஆயுசுக்கும்.

"குடிக்கல சிஸ்டர். மருந்து அடிச்சான். தோல் வழியா ஏறியிருக்கு" என்றேன்.

மேஸ்திரி சிரித்தார். "எட்டாங்கிளாஸ் பெயிலு சிஸ்டர் இவன். டிவியப் பாத்து டாக்டராயிட்டான்."

"பெயில் இல்லண்ணே. பாதியில நின்னேன்."

அதற்குள் டாக்டர் வந்துவிட்டார். சின்ன வயதுப் பெண். முருகேசன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கடகடவென்று ஊசிக்குச் சொன்னார். பிறகு என் கையிலிருந்த பையைப் பார்த்தார். "என்ன இது?"

"அவன் போட்டிருந்த சட்டைங்க. கூடவே பாட்டிலும்."

பையைப் பிரிப்பதற்கு முன்னால் டாக்டர் கையுறை மாட்டினார்.

பாண்டியம்மா அதையே பார்த்தாள். அவள் புருஷன் இரண்டு மணி நேரம் போட்டிருந்த சட்டை. டாக்டர் அதைத் தொடக் கையுறை மாட்டுகிறார்.

"டேங்கு ஒழுகுதுன்னு நாலு நாளாச் சொன்னாரும்மா" என்றாள். விரல் மேஸ்திரி பக்கம் நீண்டது. "இவருகிட்டத்தான் சொன்னாரு. எங்க வீட்ல சண்டையும் இல்ல, சச்சரவும் இல்ல. எழுதிக்கங்க."

டாக்டர் எழுதிக்கொண்டார்.

டிவி பார்த்து வைத்தியம் பண்ணலாமா என்று எனக்குக் கடிதம் எழுதப் போகிறீர்கள். தெரியும். நான் எங்கே வைத்தியம் பண்ணினேன்? சட்டையைக் கழற்றினேன், கழுவினேன், கொண்டுபோய்ச் சேர்த்தேன். வைத்தியம் பண்ணியது டாக்டர். ஆனால் என் தோல் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியக் கூடாது என்றால் — மன்னிக்கவும், அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கூலிக்கு விட்டது என் கையை. என் தோலைப் பற்றித் தெரிந்துகொள்கிற உரிமையையும் சேர்த்து விடவில்லை.

சாயங்காலம் முருகேசன் கண் விழித்தான். இன்னும் இரண்டு மூன்று நாள் இருக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். தலையைத் தூக்கிச் சட்டையைப் பார்த்தான்.

"லூசா இருக்குண்ணே" என்றான், குரலே இல்லாமல்.

அது போதும். வெளியே வந்தேன். வாசலில் மேஸ்திரி சொல்லவேண்டியதைச் சொன்னார். நடந்தேன்.

ராத்திரி பஸ் ஸ்டாப்பில் படுத்தேன். காலையில் ராசிங்காபுரம் தாண்டி ஒரு தக்காளித் தோட்டம். தோட்டக்காரர் வரப்பில் நின்று என் பனியனை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன சோலி தெரியும்?"

"தண்ணி பாச்சுவேன், களை எடுப்பேன். வெசமும் அடிப்பேன்ணே. முழுக்கைச் சட்ட, கையுறை, சோப்பு — மூணும் நீங்க தரணும்."

"வெசமா? மருந்துன்னு சொல்லுய்யா."

"வெசம்ணே."

வரப்பிலிருந்து இறங்கி வந்தார். "நீ தக்காளிக்கு அடிக்க வந்தியா, ஆப்பரேசன் பண்ண வந்தியா?"

"ரெண்டுக்கும் கையுறை வேணும்ணே."

சிரித்துவிட்டார். மோட்டார் ரூம் கொடியில் கிடந்த ஒரு பழைய முழுக்கைச் சட்டையை எடுத்துப் போட்டார். மதியச் சோறு வருவதற்கு முன்பே சோப்பும் வந்தது. கையுறை இன்னும் வரவில்லை.

அதுவரை தண்ணீர்தான் பாய்ச்சுவேன்.