செல்வராணி கூப்பிட்டால் கண் திறப்பார்கள்

தெங்கேராவில் காதர் பாய் கடையில் மல்லித்தூள் வாங்க நின்றபோதுதான் எனக்குச் செய்தி வந்தது. கைப்பேசியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

"மிஸ்ஸி, உங்க செல்வராணி மிஸ்ஸி போயிட்டாங்களாமே, தெரியுமா?" என்றார் பாய். காலையில் எழுப்பப் போனபோது எழுந்திருக்கவில்லையாம். தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கிறது. சொல்லி முடித்தவர் தராசை அப்படியே விட்டுவிட்டுத் தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்தார். பாய் யாருக்காகவும் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு முதலில் வந்தது அழுகையில்லை. நாளைக்கு நான் போனால் இந்தக் கடையில் யார் தராசை விட்டுவிட்டு அழுவார்கள் என்ற நினைப்புதான் வந்தது. பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார்.

கருமாதிக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஏதாவது எழுதித் தரும்படி அவள் மகன் கேட்டான். "அம்மாகூட ரொம்ப வருசம் வேல செஞ்சது நீங்கதான் ஆன்ட்டி. நல்லதா நாலு வரி எழுதுங்களேன்." நல்லதாக எழுத ஊரே இருக்கிறது. நான் உள்ளதை எழுதுகிறேன். செல்வராணியின் மேல் எனக்குப் பொறாமை. அவள் இருந்தபோதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. உங்களில் அவளோடு வேலை செய்தவர்களுக்கு இது ஒன்றும் புதுச் செய்தியில்லை.

நாங்கள் இருவரும் ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகள். அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். இருவரும் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் தாதியாகச் சேர்ந்து, ஊருக்கெல்லாம் 'மிஸ்ஸி'யாகி, அங்கேயே தலை நரைத்தோம். ஊசியில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நானே சொல்கிறேன், வேறு யார் சொல்லப் போகிறார்கள்? ரத்தம் வற்றி நரம்பு நூலாகிப் போன ஆளுக்கும் ஒரே குத்தில் ஏற்றிவிடுவேன். டாக்டர்களே கை தூக்கிவிட்டு என்னைத் தேடுவார்கள். செல்வராணிக்கு அந்தக் கை கிடையாது. அவளிடம் இருந்தது ஒரு கேள்வி. ஆளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கியதும் கூட வந்தவர்களிடம் அதைத்தான் முதலில் கேட்பாள்: "இவங்கள வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்க?"

எனக்கு அது வெட்டி வேலையாகத் தெரிந்தது. அடையாள அட்டையில்தான் பெயர் இருக்கிறதே! ஆனால் நம் தோட்டத்து ஆட்களின் சங்கதி உங்களுக்குத் தெரியும். ஆபீஸ் கிராணி எழுதிக் கொடுத்தது ஒரு பெயர், அப்பா அம்மா வைத்தது இன்னொரு பெயர், லயத்து வீடுகளில் நிலைத்தது மூன்றாவது பெயர். அட்டையில் உள்ள பெயர் சம்பள நாளுக்கும் தேர்தலுக்கும்தான்.

ஒரு நாள் ஜாசின் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி, வேர்த்து ஊற்றி, கட்டை மாதிரி கிடந்தார். "ஆறுமுகம்! ஆறுமுகம்!" என்று தோளைத் தட்டித் தட்டி என் தொண்டை வறண்டது. ஒரு அசைவும் இல்லை. நான் நரம்பைத் தேடி ஊசியை ஏற்றி, குளுக்கோஸைச் செலுத்த ஆரம்பித்தேன். செல்வராணி அவர் மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த அம்மா வாயைத் திறக்கவில்லை. புருஷன் பெயரைச் சொல்லாத பரம்பரை. உயிர் போகிற நேரத்திலும் அடையாள அட்டையைத்தான் நீட்டுகிறது.

"நீங்க சொல்ல வேணாம்மா. மத்தவங்க எப்படிக் கூப்பிடுவாங்க? வேல வாங்குற மண்டோர் எப்படிக் கூப்பிடுவாரு?"

"சோக்குன்னு கூப்பிடுவாரு மிஸ்ஸி," என்றது அந்த அம்மா, முந்தானைக்குள்.

செல்வராணி தலைமாட்டுக்கு வந்தாள். அவர் காதருகே குனிந்து, காலைப் பெரட்டில் ஆள் எண்ணும் மண்டோர் மாதிரியே ஒரு அதட்டல்: "டேய் சோக்கு! எங்கடா இருக்க?"

"இங்கதான்ணே," என்று கண்ணைத் திறந்தார் அந்த மனுஷன்.

அறையே சிரித்தது. அந்த அம்மா செல்வராணியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. நான் காலி சிரிஞ்சோடு நின்றேன். அவரை எழுப்பியது குளுக்கோஸ். அது போனது என் ஊசி வழியாக. இதை அன்றைக்கே பேன்ட்ரியில் சொன்னேன், பணி ஓய்வு விருந்தில் சொன்னேன், இங்கேயும் எழுதி வைக்கிறேன். செல்வராணி ஒருநாளும் மறுத்ததில்லை. "ஆமா லா பத்மா, ஊசிதான் எழுப்புச்சு. ஆனா எழுந்திரிக்கிறவனுக்கு எந்தப் பக்கம் வர்றதுன்னு தெரிய வேணாமா?" என்றாள். இப்படி ஒரு பதில் சொல்கிறவளோடு எப்படிச் சண்டை போடுவது? அதற்காகவும் எரிச்சல்தான்.

தீபாவளி வந்தால் முறுக்கும் அதிரசமும் அவள் பெயருக்கு வரும். துரியான் காலத்தில் கூடை கூடையாக வரும். "செல்வராணி மிஸ்ஸி இருக்காங்களா?" என்று வாசலில் நின்று கேட்பவர்களின் கையில் நானே நேற்று ஊசி போட்டிருப்பேன். என்னைத் தாண்டி எட்டிப் பார்ப்பார்கள். அவள் எல்லாவற்றையும் பேன்ட்ரி மேசையில் பரப்பி எல்லோருக்கும் கொடுப்பாள். நான் முறுக்கைத் தின்றுகொண்டே வயிறு எரிவேன். அவளுக்கு நான் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் மகாராணி. "மகாராணி வந்தாச்சா?", "மகாராணி தரிசனம் முடிஞ்சதா?" இப்படித்தான் பிள்ளைகளிடம் கேட்பேன். இளம் தாதிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

ஆனாலும் அவள் சொன்னவை சில எனக்குள் ஒட்டிக்கொண்டன. "பயப்படுறவங்ககிட்ட பயப்படாதீங்கன்னு சொல்லாத. அடுத்து என்ன செய்யப் போறோம்னு சொல்லு" என்பாள். "மயங்குறவங்களுக்கு எல்லாம் தூங்கின பிறகுதான் காது தூங்கும்" என்பாள். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் நான் என் சொந்தச் சரக்கு மாதிரிதான் சொல்லிக்கொடுத்தேன்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன், ஒன்றைத் தவிர. என் அம்மாவுக்கு நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டிய அன்று நான்தான் வேலையில் இருந்தேன். பெற்ற மகள் ஆக்ஸிஜன் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்கிறாள். அம்மா மாஸ்க்கை விலக்கிவிட்டு, மூச்சுக்கு நடுவே கேட்டது என்ன தெரியுமா?

"செல்வராணி எங்கடி?"

செல்வராணி சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தாள். அம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். லயத்தில் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள்: "பொன்னம்மாக்கா, இப்ப பத்மா ஊசி போடப் போறா, தண்ணியெல்லாம் ஒண்ணுக்கா வெளிய போயிரும். நான் மூச்சு விடுற மாதிரியே நீங்களும் விடுங்க." இருவரும் சேர்ந்து மூச்சு விட்டார்கள். நான் ஊசியைப் போட்டேன். ஊசி சரியாகத்தான் இறங்கியது, நெஞ்சுதான் எரிந்தது. அம்மா பிழைத்துக்கொண்டார். வார்டில் படுத்திருந்தபோது, என்னை விட்டுவிட்டு அவளை ஏன் தேடினாய் என்று நேராகவே கேட்டுவிட்டேன். "நீ ஊசி போட்டது வலிக்கவே இல்லடி. ஆனா உன் மூஞ்சியப் பாத்தாத்தான் செத்துருவேன் போல இருந்துச்சு" என்றார் அம்மா. அன்று மாலை செல்வராணி வார்டுக்குப் போய் அம்மாவோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்ததாகப் பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அம்மா அதற்குப் பிறகு சில வருடங்கள் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

செல்வராணி எனக்கு முன்னால் ஓய்வு பெற்றாள். அப்பாடா, இனி அந்த இடம் எனக்குத்தான் என்று நினைத்தேன். வாசலில் வந்து நின்றவர்கள் அப்போதும் அவளைத்தான் கேட்டார்கள்.

என் வேலையின் கடைசி மாதங்களில் ஒரு முற்பகல், புக்கிட் காத்திலிலிருந்து அவளையே கொண்டுவந்தார்கள். மாரடைப்பு. முகம் சாம்பலாகியிருந்தது. ஒரு இளம் தாதி ஊசியோடு குனிந்தபோது கையை இழுத்துக்கொண்டாள். "பத்மா எங்க? பத்மாவக் கூப்பிடு. அவதான் போடணும்."

இத்தனை வருடங்களில் அந்த வாசலில் என் பெயரைச் சொல்லிக் கேட்டவள் அவள் ஒருத்திதான். ஓடினேன். ஒரே குத்து. அவள் சிரிக்கப் பார்த்தாள், அதற்குள் கண் செருகிவிட்டது. திரையில் துடிப்பு இறங்கிக்கொண்டே போனது. டாக்டர் மருந்தைச் சொன்னார், நான் செலுத்தினேன். தலைமாட்டில் யாருமில்லை. அங்கே நிற்க வேண்டியவள்தான் கட்டிலில் கிடந்தாள். நானே போய் நின்றேன். "செல்வராணி! செல்வராணி!" என்று கூப்பிட்டேன். அசைவில்லை. அப்போதுதான் உறைத்தது. ஊரார் வீட்டுப் பெயரையெல்லாம் கேட்டு வைத்திருந்தவளின் வீட்டுப் பெயர் எனக்குத் தெரியாது.

"அண்ணே, வீட்டுல இவள எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று அவள் கணவர் குமரன் அண்ணனிடம் கத்தினேன்.

"இந்தான்னு கூப்பிடுவேம்மா," என்றார் அவர், கையைப் பிசைந்துகொண்டு. "வேற எப்படிக் கூப்பிடுறது?"

நல்ல புருஷன், போங்கள்! எனக்கு வந்த கோபத்தில் அவள் காதருகே குனிந்து, வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கத்தினேன்: "ஏய் மகாராணி! கண்ணத் தொறடி!"

கண் திறந்தது. உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன். "முதுகுக்குப் பின்னாடி சொன்னத இப்பவாச்சும் மூஞ்சிக்கு நேரா சொன்னியே."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எத்தனை வருடங்களாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவளை எழுப்பியது நான் செலுத்திய மருந்தா, என் குரலா என்று என்னிடம் கேட்காதீர்கள். என் குரல்தான் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு முறையாவது அது எனக்கு வேண்டும்.

அதற்குப் பிறகும் சில காலம் நன்றாகவே இருந்தாள். கிளேபாங்கில் கடற்கரையோரக் கடைகளில் இருவரும் தேங்காய் ஷேக் குடித்தோம். அங்கேயும் இரண்டு பேர் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் என் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாவு வீட்டில் நிற்க இடமில்லை. மலாய்க்காரர்கள், சீனர்கள், தோட்டத்து ஆட்கள், பழைய டாக்டர்கள். நான் கூட்டத்தை எண்ணாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஒருவழியாகப் பெட்டியருகே போய், குனிந்து, காதில் "மகாராணி" என்றேன். காது கடைசியாகத்தான் தூங்கும் என்று சொன்னவள் அவள்தானே. இந்த முறை பதில் வரவில்லை. எனக்கு ஊசி போடவும் வாய்ப்பில்லை. யாரையும் கூப்பிடவிடாமல், தூக்கத்தில், நைசாகப் போய்விட்டாள். அங்கேதான் உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல்.

குமரன் அண்ணன் வந்து என் தோளைத் தொட்டார். "அழாத சுருட்டை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழந்தையில் என் தலைமுடியைப் பார்த்து அம்மா வைத்த பெயர் அது. அம்மாவைத் தவிர யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. அம்மாவோடு அது போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அவ வீட்டுல உன்ன வேற எப்படிச் சொன்னா? இன்னிக்கு சுருட்டைக்குக் கோவம், சுருட்டை எம்மேல உர்ருன்னு இருக்கா, சுருட்டை ஊசின்னா எறும்பு கடி மாதிரின்னு, தினமும் உன் பேச்சுதான். உங்கம்மா வார்டுல இருந்தப்ப கேட்டு வச்சுக்கிட்டாளாம். ஒரு நாள் நீ விழுந்தா உன்னக் கூப்பிட ஆள் வேணுமேன்னு சொல்லுவா."

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வி ஒன்றுதான். பக்கத்து வீட்டில் யாராவது மயங்கி விழுந்தால் இப்போது நானும் முதலில் அதைத்தான் கேட்கிறேன். என் மகனிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்: "என்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா, ஐசி அட்டையில உள்ள பேரச் சொல்லாத. சுருட்டைன்னு சொல்லு." அந்தப் பெயரை இத்தனை நாளும் அம்மாவின் குரலில் மட்டுமே வைத்திருந்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால் அது செல்வராணியின் குரலில்தான் கேட்கிறது. என் அம்மாவையும் விடவில்லை, என் பெயரையும் விடவில்லை. எடுத்துக்கொள்ளட்டும், மகாராணி.