தகுதிகாண் காலத்து நீதிபதி

என் தம்பியின் அகதி வழக்கை விசாரிக்கப் போகிறவர் இன்னும் நிரந்தரமாகாத ஓர் இளம் பெண் நீதிபதி என்று சட்டத்தரணி போகிற போக்கில் சொன்னார். அது 2001 கோடைகாலம். வழக்குத் தோற்றால் தம்பியை இலங்கைக்கு ஏற்றிவிடுவார்கள். இரண்டு முறை ராணுவம் பிடித்து அடித்த பிள்ளை அவன்.

இங்கே புதிய நீதிபதிகளுக்கு மூன்று வருடமாவது தகுதிகாண் காலம். நீதிமன்றத் தலைவர் அறிக்கை எழுத, மாநில நீதி அமைச்சு பார்த்து ஆயுளுக்கும் நியமிக்கும். அப்படியென்றால் அமைச்சுக்குப் பிடித்த தீர்ப்பைத்தானே எழுதுவார் என்று கேட்டேன். தீர்ப்பில் யாரும் தலையிட முடியாது என்று சட்டத்தரணி சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. ஹனோவரில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் சேர்ந்த முதல் ஆறு மாதமும் மேற்பார்வையாளர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினவள் நான். பக்கத்தில் நின்றவளை அநியாயமாக ஏசியபோதும் வாய் திறக்கவில்லை. கறுப்பு அங்கி போட்டால் மட்டும் மனுசர் மாறிவிடுவார்களா?

"அந்த மனுசி வடிவாக் கேக்கிறாவாம், அக்கா. போய் வந்த பெடியள் சொல்லுறாங்கள்," என்றான் தம்பி.

"கேப்பா. கேட்டுப்போட்டு இல்லையெண்டு எழுதுவா. நிரந்தரமான ஒராளிட்டைப் போவம், பொறு."

தம்பிக்கு முதுகுவலி என்று டொக்டரிடம் கடிதம் வாங்கி நீதிமன்றத்துக்குக் கொடுத்தோம். டெர்மின், அதாவது விசாரணைத் தேதி, தள்ளிப்போனது. மாரியில் அந்த இளம் நீதிபதியை வேறு நீதிமன்றத்துக்கு மாற்றினார்கள். தகுதிகாண் காலத்தில் அப்படி மாற்றுவது வழக்கமாம். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம்.

மாசியில் ஊரில் போர்நிறுத்தம் வந்தது. அதற்குப் பிறகுதான் எங்கள் விசாரணை. ஆயுள்கால நீதிபதி, நரைத்த மனிதர், தம்பிக்குத் தண்ணீர் கொடுத்துப் பொறுமையாகக் கேட்டார். இப்போது அங்கே சண்டை இல்லை, திரும்பிப் போகலாம் என்று எழுதிவிட்டார்.

வழக்குக் கோப்பைக் கட்டிவைக்கும்போது சட்டத்தரணி ஒன்று சொன்னார். மற்ற வழக்குகளுக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்குகிற அந்த இளம் நீதிபதி, தம்பிக்கு ஒரு காலை முழுவதையும் ஒதுக்கியிருந்தாராம். அவன் உடம்பிலுள்ள தழும்புகளுக்கு மருத்துவ அறிக்கையும் தானாகவே கேட்டு எடுத்திருந்தாராம்.

தம்பிக்கு இதை நான் சொல்லவில்லை. வவுனியாவிலிருந்து போன் எடுக்கிறபோதெல்லாம் அவன்தான் என்னைத் தேற்றுகிறான்.

"ஆர் விசாரிச்சிருந்தாலும் அனுப்பித்தான் இருப்பாங்கள், அக்கா. நீங்கள் யோசியாதேங்கோ."

"ஓம்," என்கிறேன்.