பாக்கெட்டில் இருந்த இடது கை

பெயின்ட் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் 'ஷேடு' என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்ட நிறத்தோடு கலவை ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. இருபத்தாறு வருடமாக ஜன்னலோரம் உட்கார்ந்து, நிறம் பூசிய தகட்டை வலது கையால் வெயிலில் நீட்டிப் பார்த்து, "சரி" என்று அவர் சொன்னால்தான் டப்பாவுக்கு மூடி விழும். பெருமைப்பட்டுக்கொள்ள அவரிடம் இருந்ததெல்லாம் அந்த ஒரு சொல்தான்.

அதைத்தான் அக்கா கேட்டாள். ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், வயதான தோலில் விழும் பழுப்புப் புள்ளிகளுக்கென்று அதிமதுரப் பசை குழைக்க ஆரம்பித்திருந்தாள்.

"உன் ரெண்டு கையிலயும் புள்ளி கொட்டிக் கிடக்கு. போட்டுப் பாரு. போச்சுன்னா 'ஷேடு சோதிச்சது'ன்னு லேபிள்ல போட்டுடறேன்."

"போகலைன்னா?"

"வாயைக் கழுவுடா!"

தோல் டாக்டரிடம் காட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் தொடங்கினார். இடது கைக்கு மட்டும் பசை. ஒப்பிட்டுப் பார்க்க வலது கை சும்மா இருந்தது. ஞாயிறுதோறும் பதினோரு மணிக்கு வீட்டு ஜன்னலடியில், நிறங்களைப் படிப்படியாக அச்சிட்ட ஷேடு கார்டைக் கைப்பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். இரண்டு மாதத்தில் இடது கைப் புள்ளிகள் இரண்டு ஷேடு வெளுத்திருந்தன. வலது கை அப்படியே.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. லேபிள் அச்சடிக்கவே கிளம்பிவிட்டாள். மனைவி மட்டும் அந்தக் கையைப் புரட்டிப் பார்த்தாள்.

"வேலை நேரத்துல இதை எங்க வெச்சிருந்தீங்க?"

"கோட் பாக்கெட்லதான். பசை தகட்டுல ஒட்டிடுமே."

"அந்தக் கை வெயில்ல காயுது, இந்தக் கை நிழல்ல தூங்குது. அப்போ சர்டிஃபிகேட்டை பாக்கெட்டுக்குக் குடுங்க!"

ஷேடுக்கு முகம் செத்துவிட்டது. உடனே போன் போட்டார். "அக்கா, லேபிளை நிறுத்து. இன்னும் ரெண்டு மாசம் வேணும்."

"கூடப் பிறந்தவளுக்கு ஒரு வார்த்தை சொன்னா வாயிலேர்ந்து முத்து உதிர்ந்துடுமா?"

"தப்பான டப்பான்னா திரும்பி வந்துடும். சொன்ன வார்த்தை வராதுக்கா."

இந்தத் தடவை பசை வலது கைக்கு. ஆனால் பகல் முழுக்க இரண்டு கைகளுக்கும் துணிக் கையுறை. "என்ன ஷேடு, எங்கயாவது திருடப் போறீங்களா?" என்று தொழிற்சாலையே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

இரண்டு மாதம் கழித்து அக்கா நேரிலேயே வந்துவிட்டாள். அவர் கைகளை மேஜைமேல் விரித்து வைத்தார்.

"ரெண்டும் வெளுத்திருக்கு. முக்கால்வாசி வேலை கையுறையோடது. பசை போட்ட கை ஒரு அரை ஷேடு அதிகமா வெளுத்திருக்கு. அதுவும் ஒரே ஆளோட கை. இதை வெச்சு நிரூபிச்சாச்சுன்னு எழுதாதே."

அக்கா இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "அந்த அரை ஷேடு என் கண்ணுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது. எனக்குத் தெரியும்."

"உன் கண்ணுல கொள்ளியை வைக்க!" என்று அவள் சிரித்துவிட்டாள்.

அடுத்த வாரம் அக்கா புது லேபிளோடு முதல் டப்பாவை மூடாமலே கொண்டுவந்தாள். 'வெயிலில் கையை மூடிக்கொள்ளவும். புள்ளி மறையாது, கொஞ்சம் வெளுக்கலாம்.' ஷேடு அதை ஜன்னலருகே கொண்டுபோய் இரண்டு முறை படித்தார்.

"சரி" என்றார்.

அக்கா மூடியை அழுத்தி மூடினாள்.