வெளிப்பக்கம் மட்டும் பார்த்த டயர்

டயர் வியாபாரத்தில் எல்லோரும் விலையைக் கேட்பார்கள். டயர் உற்பத்தியான திகதியைக் கேட்பவர் அரிது. வாகனம் வைத்திருந்து அல்லற்படும் அன்பர்களே, பாலாவிச் சந்தியில் எங்கள் கடைக்கு வந்த ஒரு மனிதரைப் பற்றிய மூன்று குறிப்புகள் இவை.

பெருவிரல்

ஸலீம் புத்தளத்துக்கும் மன்னாருக்குமிடையே வேன் ஓட்டியவர். பெயர்பெற்ற கம்பனியின் டயர்கள் இரண்டை வேறெங்கோ மலிவாக வாங்கிவந்து, பூட்டித் தரும்படி கேட்டார். அவருடைய பெருவிரலைப் பிடித்து எங்கள் டயரின் எழுத்துகள்மீது ஓட்டினேன். விளிம்பு கூர்மையாக உறைத்தது. அவர் கொண்டுவந்ததில் எழுத்துகள் உருகிய மெழுகுபோல் மழுங்கியிருந்தன. தேய்மானத்தைக் காட்டும் சிறு மேடுகளும் பள்ளங்களுக்குள் இல்லை. போலி என்றேன். என்னை அண்ணன்முறையில் 'நானா' என்றழைக்கும் அவர், நெடுநேரம் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்ட விரலுக்கு இப்பதான், நானா, கண் திறந்திருக்கு."

வெள்ளிக்கிழமை

அவற்றைத் திருப்பிக் கொடுத்து வேறு இரண்டு வாங்கி, அங்கேயே பூட்டிக்கொண்டு வந்தார். எழுத்துகள் கூர்மை, மேடுகளும் இருந்தன. இனிப் பார்க்க வேண்டியது நான்கு இலக்கங்கள்: முதலிரண்டும் உற்பத்தியான வாரம், மற்றவை ஆண்டு. ஆண்டுகள் பல கடந்த டயர் புதிதுபோல் தெரிந்தாலும் வெடிக்கும். அவை டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். இவற்றிலோ அப்பக்கம் உட்புறமாகத் திரும்பியிருந்தது. வேனின் கீழே படுத்தால் வாசிக்கலாம். நானோ ஜும்ஆவுக்காக வெள்ளைச் சாரன் உடுத்திருந்தேன். சற்றே குனிந்தேன். ஸலீம் என் தோளைப் பிடித்து நிமிர்த்தினார்: "தொழப் போற உடுப்போட கீழ பூராதீங்க நானா. நீங்க இவ்வளவு பாத்ததே போதும்."

மூன்று விதமாகச் சொன்னது

அன்று மாலை மன்னார் வீதியில் பின் டயர் வெடித்து வேன் புரண்டது. பயணிகள் தப்பினர், ஸலீம் மௌத்தானார். வேகம் என்றார் பயணி ஒருவர். வெயில் என்றார் டயரை விற்றவர். வீதியின் பள்ளம் என்றனர் ஊரார். வெடித்த டயரின் உட்பக்கத்தைத் தடவினேன். பழைய இலக்கங்களை அராவி நீக்கி, புதிய ஆண்டைக் காட்டும் இலக்கங்கள் குத்தப்பட்டிருந்தன. அவ்விடம் மட்டும் வழுவழுவென்று சற்றே குழிந்திருந்தது.

ஸலீமின் மனைவி, கணவனை இழந்தவர் தனித்திருக்கும் இத்தாவில் இருந்தார். திரைக்கு வெளியே நின்று, உட்புறத்தை நான் பார்க்கவில்லை என்று சொன்னேன்.

"போகக்குள்ள எனக்கிட்ட சொல்லிட்டுத்தான் போனார்," என்றார். "நானா பாத்திட்டார், இனிப் பயமில்ல என்டு."

டயர் வாங்குவோரே, இரு பக்கமும் தடவிப் பாருங்கள். தெரிந்தவர் ஒருவர் பார்த்துவிட்டார் என்பதைவிட நம்பத்தக்க போலி முத்திரை எதையும் நான் கண்டதில்லை.