கையப்புடி அக்கா

வேன் நின்று முடிவதற்குள் அவருடைய ஒரு கால் படியில் இருக்கும். கதவை ஒரு கையால் அடைத்துக்கொண்டு, பின்னால் முண்டுகிற புத்தகப் பைகளை முதுகாலேயே தள்ளி நிறுத்துவார். முதலில் இறங்குவது எப்போதும் அவர்தான். இறங்கியதும் பிள்ளைகளைப் பார்ப்பதில்லை. வேனுக்குப் பின்னால் பார்ப்பார். நிற்கிற வண்டிக்கும் நடைபாதைக்கும் இடையே இருக்கிற முழ இடைவெளியில் புகுந்து போக ஒரு ஸ்கூட்டர்காரராவது வருவார் என்பது அவருடைய அசையாத நம்பிக்கை. அநேகமாக வந்துவிடுவார். "போங்க ராசா, ரோடே உங்களுக்காகத்தான் போட்டிருக்கு" என்று வழியனுப்பிய பிறகுதான் கதவிலிருந்து கை விலகும்.

"கையப் புடி."

பள்ளி வேனில் உதவியாளர் வேலை. ஓட்டுகிறவர் சொந்தத் தம்பி. 'கையப்புடி அக்கா' என்பது பிள்ளைகள் வைத்த பெயர். அதில் அவருக்கு வருத்தமில்லை. "என்னைக் கூப்பிடுறப்பவே பாதி வேலை முடிஞ்சிடுது பாருங்க" என்பார்.

தெருவைக் கடக்கிற பிள்ளைகள் வேனுக்கு முன்புறமாகத்தான் கடக்க வேண்டும். அதுவும் பம்பரை உரசிக்கொண்டு அல்ல, நன்றாகத் தள்ளி. "என் தம்பி மூஞ்சி உனக்குத் தெரியுதா? தெரிஞ்சாத்தான் உன் மூஞ்சி அவனுக்குத் தெரியும்."

"தெரியுது அக்கா. கொட்டாவி விடுறாரு."

வேனுக்கு அடியில் தண்ணீர் பாட்டில் உருண்டுவிட்டால் யாரும் குனியக் கூடாது. அது அவரே எழுதி அவரே நிறைவேற்றிய சட்டம். "பாட்டில் போனா கடையில கிடைக்கும். நீ எந்தக் கடையில கிடைப்ப?"

சாலையில் இவ்வளவு கெட்டியான மனுஷிக்குக் கைபேசி வந்தபோது அதையும் அதே அக்கறையோடுதான் கையாண்டார். ஒவ்வொரு பிள்ளையையும் அதன் வீட்டு வாசலில் நிற்கவைத்து, வேன் பக்கத்திலிருந்தபடியே படம் எடுப்பார். "வீட்டுக்கு வந்தாச்சு" என்று பெற்றோர் குழுவில் போடுவார். அலுவலகத்தில் இருக்கிற அப்பா அம்மாக்களுக்கு அந்தப் படம் வந்த பிறகுதான் மூச்சே வரும். எல்லாப் படத்திலும் ஓரத்தில் அக்காவின் கட்டைவிரல் மங்கலாக எட்டிப் பார்க்கும். "எங்க வீட்டு ஆல்பத்துல உங்க வெரலும் ஒரு சொந்தக்காரங்க மாதிரி ஆயிடுச்சு" என்று ஒரு அப்பா கேலி செய்தார்.

குழுவில் வருகிற காலை வணக்கங்களுக்கு நடுவில் படம் புதைந்துபோகிறது என்று ஒரு தாய் குறைப்பட்டதும், அக்கா அதை ஸ்டேட்டஸிலும் போடத் தொடங்கினார். அங்கேதான் சறுக்கல். வேனின் பின்கண்ணாடியில் அவருடைய எண் எழுதியிருந்தது. வண்டியில் இடம் கேட்டு யார் யாரோ அழைப்பார்கள். நாளைக்கு இவர்களும் பெற்றோர் ஆகலாம், அவசரத்துக்கு அழைத்தால் தெரிய வேண்டுமே என்று அத்தனை எண்ணையும் 'சீட்டு கேட்டவர்' என்று பதிந்து வைத்துக்கொண்டார். அவர்களில் அக்காவின் எண்ணைப் பதிந்து வைத்திருந்தவர்களின் கைபேசியிலெல்லாம் பிள்ளைகளின் முகமும், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையும், வீட்டுக் கதவு எண்ணும் நாள்தோறும் போய் விழுந்தன என்பது அவருக்குத் தெரியாது.

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி. வாய் மூடாதவள். சில நாளாக ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு வந்தவள், ஒரு மாலை தன் வீடு வந்தும் எழுந்திருக்கவில்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னம்மா, வீட்ட வித்துட்டாங்களா? எறங்க மனசு வரலையா?"

சிரிப்பு வரவில்லை. டேப்லெட்டில் விளையாடும்போது ஒரு தோழி கிடைத்தாளாம். அவளும் ஆறாம் வகுப்புதானாம். தினமும் பேசுகிறாளாம். "யாருகிட்டயும் சொல்லாதன்னு சொன்னாங்க. நாளைக்கு நான் எறங்குறப்ப எங்க வீட்டு கேட் கிட்ட வர்றாங்களாம். நான் எங்க எறங்குவேன்னு நான் சொல்லவே இல்ல அக்கா. என் போட்டோ அனுப்பினாங்க. எங்க வீட்டு கேட் முன்னாடி நிக்கிறது." அக்காவின் கையைப் பார்த்தாள். "அதுல உங்க வெரல் இருக்கு."

அக்கா கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க அக்கா. டேப்லெட்டப் புடுங்கிடுவாங்க. ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ் பண்ண மாட்டேன். ஆனா உன்கூட நானும் வர்றேன்."

பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது வேனை விட்டு அவர் நகர்ந்ததே இல்லை. அன்றைக்கு நகர்ந்தார். "டேய், இன்ஜின ஆஃப் பண்ணு. கதவ சாத்து. நான் வர்ற வரைக்கும் ஒரு புள்ள எறங்கக் கூடாது." தம்பி உடனே சாவியைத் திருப்பினார். அக்காவின் முகம் அப்படி இருந்தது.

ஈரக் கையோடு கதவைத் திறந்த தாய், விஷயத்தைப் பாதி கேட்டதுமே மகள் பக்கம் திரும்பினார். "படிச்சுப் படிச்சு சொன்னேனேடி, தெரியாதவங்ககூடப் பேசாதன்னு..."

அக்கா இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். "அவள ஒண்ணும் சொல்லாதீங்க. போட்டோ போட்டது நான். வாயத் தொறந்தது அவ. அவ சொன்னதாலதான் நமக்கு இன்னிக்கே தெரியுது. இப்பத் திட்டினா அடுத்த தடவ சொல்ல மாட்டா."

"நீங்களா போட்டீங்க?"

"நாந்தான்."

தாய் எதையும் அழிக்காமல் அந்த உரையாடலை அப்படியே காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார். மறுநாள் அந்த வாசலில் சாதாரண உடையில் இரண்டு காவலர்கள் நின்றார்கள். யாரும் வரவில்லை. தோழி என்று பேசியது யார் என்பதை இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

குழு கொதித்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை என்று ஒருவர் எழுத, ஆளை மாற்றுங்கள் என்று நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். தலைமையாசிரியர் அறையில் அக்கா நின்றபோது அந்தத் தாய்தான் பேசினார். "எனக்குக் கோபம் போகல. ஆனா தப்ப தானே வந்து சொன்னவங்கள அனுப்பிட்டா, அடுத்தது நடந்தா யாரு வந்து சொல்லுவாங்க?" வேலை தப்பியது.

பின்கண்ணாடியில் இப்போது பள்ளியின் எண். 'சீட்டு கேட்டவர்' எல்லோரையும் தம்பி உட்கார்ந்து அழித்தார். படம் எடுப்பதே நின்றுபோனது. ஒரு மாதம் போவதற்குள், ஆளை மாற்றச் சொன்னவர்களில் ஒருவரே கேட்டார்: "என்னக்கா, இப்பல்லாம் போட்டோ வர்றதில்ல?"

"புள்ள வருது இல்ல? அது போதும்."

கோபக்காரர்களுக்கு இப்படிப் பதில் சொல்ல முடிந்தது. அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவள் பயந்தபடியே டேப்லெட் பறிபோனது. வேனில் கடைசி இருக்கைக்குப் போய்விட்டாள். நீட்டிய கையைத் தொடாமல் இறங்கினாள். அவள் கணக்கில் அக்கா போட்டுக்கொடுத்தவர்.

"விடுக்கா, நீ அவ நல்லதுக்குத்தானே பண்ண?" என்றார் தம்பி.

"நல்லதுக்குத்தான்டா போட்டோவும் போட்டேன்."

இனி ஏதாவது நடந்தால் இந்தப் பிள்ளை வாயைத் திறக்குமா என்பதுதான் அவரை அரித்தது. அதைக் கேட்டு வாங்க முடியாது. தினமும் கையை நீட்டினார். தினமும் அது வெறுங்கையாகத் திரும்பியது.

போன வாரம் ஒரு மாலை, அவள் வீட்டுத் தெருவில் வேன் நின்றது. அகலம் குறைந்த தெரு. பின்னால் வந்த கார் தாண்டிப் போக வழியில்லை. கடைசி இருக்கையிலிருந்து வந்தவள் படியிலேயே நின்றுவிட்டாள். இறங்கவில்லை. பையின் வாரைத் திருகினாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். எனக்கில்ல. என் ஃப்ரெண்டுக்கு."

பின்னால் கார் ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது. "அக்கா, பின்னால வண்டி நிக்குது!" என்று முன்னாலிருந்து தம்பி குரல் கொடுத்தார்.

கையப்புடி அக்கா வேனின் படியில் உட்கார்ந்தார். காதை அவள் வாய்க்கு நேராகக் கொண்டுபோனார். பிறகு, திரும்பிக்கூடப் பார்க்காமல், ஹாரன் அடிக்கிற காருக்கு நேராக ஒரு கையை நீட்டி, பொறு என்று உள்ளங்கையை விரித்தார்.